பெரியம்மையின் வலது கை

அடுப்பில் பால் இருந்தால் முதலில் இறக்கிவைத்துவிட்டு வாருங்கள். உங்கள் இரண்டு கைகளும் எனக்கு ஒரு நிமிஷம் வேண்டும்.

வந்தாயிற்றா? சரி. பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் வலது முன்கையை முழங்கைக்குச் சற்றுக் கீழே இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது வலது கை விரல்களை மடக்குங்கள், விரியுங்கள். சுண்டுவிரலை மட்டும் ஆட்டிப் பாருங்கள். உங்கள் பிடிக்குள்ளே ஏதோ உருண்டு நெளிகிறதல்லவா? ஆடுவது என்னவோ விரல்தான். ஆனால் அதை ஆட்டிவைக்கிற தசை முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பொம்மலாட்டத்தில் பொம்மை மேடையில் குதிக்கும். கயிற்றைப் பிடித்திருக்கிறவர் திரைக்குப் பின்னால் நிற்பார். அதே மாதிரி, விரல்களை ஆட்டும் பெரிய தசைகள் முன்கையில் மறைந்திருந்து, நீண்ட நாண்களால் விரல்களை இழுக்கின்றன.

கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியும் முப்பத்தைந்து வயது வரையில் இந்தச் சின்ன விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என் பெரியம்மை சொன்னதை இருபத்தெட்டு வருஷங்களுக்கு முன்பே நம்பியிருப்பேன்.

பெரியம்மைக்கு ஊர் மணவாளக்குறிச்சி. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், குளச்சலுக்குப் போகிற வழியில் இருக்கிறது. எங்கள் ஊர்க் கடற்கரையைப் பார்க்கிறவர்கள் முதலில் கொஞ்சம் திகைத்துப்போவார்கள். மணல் வெண்மையாக இராது. கறுப்பும் செந்நிறமுமாகக் கலந்து கிடக்கும். 1909-ம் வருஷம் ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறி வந்த கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து, அதில் மோனசைட் என்ற அரிய தாதுப்பொருள் இருப்பதைக் கண்டுகொண்டார். அந்த மணலைத் தேடிக்கொண்டு மணவாளக்குறிச்சிக்கே வந்து ஆலையும் வைத்தார் என்பது சரித்திரம்.

எங்கள் வீட்டாருக்கு மணல் சமாசாரம் அவ்வளவாகத் தெரியாது. எங்களுக்கு நெருக்கம் கயிறுதான். பெரியம்மை திண்ணையில் உட்கார்ந்து, தும்பை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து உருட்டுவாள். கண் மூடித் திறப்பதற்குள் கயிறு நீண்டுகொண்டே போகும். பக்கத்து வீட்டு மாமியோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே திரிப்பாள். கதை தீர்ந்தாலும் தீரும், கயிறு தீராது.

நான் இரண்டாம் வகுப்பில் படித்தபோது, கூலி கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கிறதே என்று தேங்காய்த் தொண்டு அடிக்கிற மெஷினில் வேலைக்குப் போனாள். ஒரு மத்தியானம் தொண்டோடு தொண்டாக வலது கையும் உள்ளே போய்விட்டது. முழங்கைக்கு நாலு விரற்கடை கீழே வெட்டியெடுத்துத்தான் உயிரைக் காப்பாற்றினார்கள். அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கும் படிக்க மனம் வராது.

புண் ஆறிற்று. மூன்றே மாதத்தில் பெரியம்மை இடது கையால் முற்றம் பெருக்கினாள், மீன் கழுவினாள், எனக்குத் தலை வாரிப் பின்னியும் விட்டாள். ரிப்பனின் ஒரு நுனியைப் பல்லால் கடித்துக்கொள்வாள். ஆனால் சாயங்காலம் விளக்கேற்றினதும் திண்ணையில் உட்கார்ந்து முகத்தைச் சுளிப்பாள்.

“வெரலு நாலும் உள்ளங்கையில குத்திட்டு நிக்கு மக்ளே. விரிக்க முடியல்ல.”

“எந்த விரல் பெரியம்மை?” என்று கேட்டுவிட்டு நான் சிரிப்பேன். ஏழு வயசுக்கு வேறு என்ன தெரியும்? பெரியவர்களும் மனப்பிராந்தி என்றுதான் சொன்னார்கள். “இல்லாத கை எப்படி வலிக்கும்?” என்று கேட்டவர்கள் எத்தனை பேர்!

பாட்டா மட்டும் அப்படிக் கேட்கவில்லை. எங்கள் ஊருக்கு அடுத்தாற்போல் மண்டைக்காட்டில் பகவதி அம்மன் கோயில் இருக்கிறது. உடம்பில் எந்த உறுப்புக்கு நோவு வந்தாலும் அந்த உறுப்பை மரத்தில் செய்து காணிக்கை வைப்பது அங்கே வழக்கம். பாட்டா ஒரு மரக்கையை வாங்கி, பெரியம்மையை அழைத்துப் போனார். அந்தக் கையைக் கோயில் வரைக்கும் சுமந்தது நான்தான். ஐந்து விரல்களும் விரிந்து, புது மரத்தின் வாசனை அடித்தது. மற்றபடி எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் அன்று தின்ற மண்டையப்பத்தின் ருசிதான்.

பிற்பாடு ரப்பரில் செய்த கை ஒன்று வந்தது. பார்வைக்கு அசல் கை, வேலைக்கு உதவாது. பெரியம்மை அதைக் கல்யாணங்களுக்கு மட்டும் மாட்டிக்கொண்டு போவாள். வீட்டில் அதற்குக் “கல்யாணக் கை” என்றே பெயர். சில வருஷங்களில் அதுவும் டிரங்குப் பெட்டிக்குள் பட்டுப்புடவைக்குத் துணையாகப் போய்விட்டது.

இப்படியிருக்க, சில மாதங்களுக்கு முன்னால் எங்கள் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, “நினைத்தால் வேலை செய்கிற இயந்திரக் கை வந்திருக்கிறதாமே, நம் வாசகிகளுக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள்” என்றார். எனக்கே புரியாததை எப்படி எழுதுவது? புத்தகங்களைப் புரட்டினேன். நாலாவது பக்கத்திலேயே பெரியம்மையைப் பார்த்துவிட்டேன்!

கையிழந்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கை இன்னும் இருப்பதாகவே தோன்றுமாம். சிலருக்கு அரிக்கும், சிலருக்கு எரியும், சிலருக்கு முஷ்டி மூடியே கிடந்து, நகம் உள்ளங்கையில் குத்தும். இதைப் பற்றி உலகத்தையே பேசவைத்தவர் நம்மவர்தான். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவுக்குப் போன டாக்டர் வி. எஸ். ராமச்சந்திரன், 1990-களில் ஒரு பெட்டிக்குள் சாதாரணக் கண்ணாடி ஒன்றை நிறுத்தினார். நல்ல கையின் பிம்பம், இழந்த கை இருக்கவேண்டிய இடத்தில் தெரியும். நல்ல கையை விரித்தால், இழந்த கையே விரிவதுபோல் இருக்கும். அதைப் பார்த்த சிலருக்கு வருஷக்கணக்காக மூடியிருந்த முஷ்டி தளர்ந்தது. கை போனாலும் மூளை அதற்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்துவதில்லை. “செய்தாயிற்று” என்ற பதில்தான் திரும்பி வருவதில்லை.

உடனே மணவாளக்குறிச்சிக்கு ஓடினேன். அலமாரிக் கண்ணாடியைக் கழற்றிப் பெரியம்மையின் முன்னால் நிறுத்தினேன். அவள் இரண்டு தடவை பார்த்துவிட்டு, “அது எனக்க எடது கைதானே? எனக்குத் தெரியாதா?” என்று சிரித்துவிட்டாள். கண்ணாடி வைத்தியம் எல்லோருக்கும் பலிப்பதில்லை. ஏமாற்ற முடியாத புத்திசாலிகளும் உலகத்தில் இருக்கிறார்களே!

ஆனால் மூளையின் கட்டளை எங்கே போய்ச் சேருகிறது? அதற்குத்தான் ஆரம்பத்தில் உங்கள் முன்கையைப் பிடிக்கச் சொன்னேன். விரல்கள் போய்விட்டாலும் அவற்றை ஆட்டிய தசையில் ஒரு பகுதி மிச்சக் கையில் இருக்கிறது. கட்டளை வந்தால் அது சுருங்கும். தசை சுருங்கும்போது சின்னஞ்சிறு மின்சாரம் எழும். ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுக்கும்போது மார்பில் வில்லைகளை ஒட்டி இதயத் தசையின் மின்சாரத்தைத்தானே கோடாக வரைகிறார்கள்? அதையே கைத் தசைக்குச் செய்தால் அதற்கு இ.எம்.ஜி. என்று பெயர். ஒரு டார்ச் விளக்கின் செல் ஒன்றரை வோல்ட். இதுவோ ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பல சமயம் அதற்கும் குறைவு.

இந்தத் துளி மின்சாரத்தைக் கொண்டு செயற்கைக் கையை ஆட்டலாம் என்று 1940-களிலேயே செய்து காட்டினார், ரைன்ஹோல்ட் ரைட்டர் என்ற ஜெர்மானியர். அந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு நடமாட முடியாது. மேஜையோடு கட்டிப்போட்ட கை. 1960 வாக்கில், டிரான்சிஸ்டர் வந்த பிறகு, ருஷ்யர்கள் உடம்பிலேயே அணிந்துகொள்ளக்கூடிய கையைச் செய்தார்கள். 2007-ல் ஸ்காட்லாந்திலிருந்து ஐந்து விரல்களுக்கும் தனித்தனி மோட்டார் வைத்த கை விற்பனைக்கு வந்தது. நம் ஹைதராபாத்திலும் “கல்ஆர்ம்” என்ற பெயரில் இப்படிப்பட்ட கையைத் தயாரித்திருக்கிறார்கள்.

விரல் ஐந்து இருந்து என்ன பயன்? அவற்றுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லத் தெரிய வேண்டாமா? பழைய முறையில் இரண்டே தசைகளைத்தான் இயந்திரம் கவனிக்கும். ஒன்று சுருங்கினால் கை திறக்கும். மற்றது சுருங்கினால் மூடும். சாவி பிடிக்கிற பிடியிலிருந்து டம்ளர் பிடிக்கிற பிடிக்கு மாற, இரண்டையும் சேர்த்து இறுக்குவதுபோல் ஏதாவது சங்கேதம் செய்ய வேண்டும். மனுஷர்தான் இயந்திரத்தின் பாஷையைப் படித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இதைத் தலைகீழாக மாற்றினால் என்ன என்று யோசித்தவர்களில் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்தார் முக்கியமானவர்கள். 1993-ல் அவர்கள் வெளியிட்ட முறை இன்றைக்கும் இந்தத் துறையில் அரிச்சுவடி. எங்கள் வீட்டு உதாரணம் ஒன்று சொன்னால் சுலபமாக விளங்கும்.

எங்கள் பாட்டாவுக்கு இருமல் பலவிதம். ஒரு இருமல் இருமினால் வெந்நீர் வேண்டும் என்று அர்த்தம். இன்னொன்று, வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வேறொன்று, “பெண்களே, பேச்சு போதும்” என்று அர்த்தம். இதற்கெல்லாம் யாரும் எங்களுக்கு அகராதி எழுதிக் கொடுக்கவில்லை. இருமலைக் கேட்டு, பின்னால் நடந்ததைப் பார்த்து, நூறு தடவை ஆன பிறகு தானாகத் தெரிந்துபோயிற்று.

கம்ப்யூட்டரும் இப்படியேதான் கற்றுக்கொள்கிறது. மிச்சக் கையைச் சுற்றிப் பல வில்லைகளை ஒட்டுகிறார்கள். “கையை விரிப்பதாக நினையுங்கள்” என்கிறார்கள். அப்போது எந்த வில்லையில் எவ்வளவு மின்சாரம், அலை எத்தனை தடவை மேலும் கீழும் போகிறது என்று குறித்துக்கொள்கிறது. அடுத்தது மூடுவது, அடுத்தது கிள்ளுவது, அடுத்தது சும்மா இருப்பது. ஒவ்வொன்றையும் பல தடவை செய்தபின், புதிதாக ஒரு அலை வந்தால், “இது கிள்ளுகிற அலை” என்று தானே இனம் கண்டுகொள்ளும். இவ்வளவும் ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் நடந்தாக வேண்டும். அதற்கு மேல் போனால் கை பின்தங்குவது தெரிந்துபோகும். 2013-லிருந்து சிகாகோவில் ஒரு நிறுவனத்தார் இந்த வித்தையைக் கடையிலே விற்கும் கைகளுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள்.

படித்தது போதும் என்று பெரியம்மையைச் சென்னைக்கு அழைத்து வந்தேன். செயற்கைக் கைகளை ஆராய்கிற ஒரு கூடத்தில் அனுமதி கிடைத்தது. என் தம்பி வயதுள்ள ஒரு பையன், மிச்சக் கையைச் சுற்றி எட்டு வில்லைகளை ஒட்டினான். எதிரே திரையில் எட்டுக் கோடுகள் ஓடின.

“அம்மா, கையை விரியுங்கள்” என்றான்.

“எந்தக் கையை?”

“இல்லாத கையைத்தான் அம்மா.”

பெரியம்மை என்னைத் திரும்பிப் பார்த்தாள். இருபத்தெட்டு வருஷத்தில் அந்தக் கையிடம் வேலை சொன்னவன் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் எல்லோரும், நான் உள்பட, அங்கே ஒன்றுமில்லை என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தோம்?

முதலில் ஒன்றும் சரியாக வரவில்லை. கோடுகள் சிக்கெடுக்காத தலைமுடிபோல் ஓடின. அவள் நெற்றி வியர்த்துவிட்டது. பையன் சற்று யோசித்துவிட்டு, “அந்தக் கையால் அதிகமாக என்ன வேலை செய்வீர்கள்?” என்று கேட்டான்.

“கயிறு திரிப்பேன்.”

“அப்படியானால் திரியுங்கள்.”

பெரியம்மை இடது உள்ளங்கையை முன்னால் நீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள். அந்த உள்ளங்கைக்கு எதிரே ஒன்றுமில்லாத இடத்தில் எதையோ வைத்து மெல்ல உருட்ட ஆரம்பித்தாள். திரையில் மூன்று கோடுகள் எழுந்தன, படிந்தன, மறுபடியும் எழுந்தன. திண்ணையில் நான் பார்த்த அதே தாளம்! எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பெரியம்மை, “நீ என்னத்துக்கு அழுக?” என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

பிறகு பாடம் சுறுசுறுப்பாக நடந்தது. விரி, மூடு, கிள்ளு, சும்மா இரு. அரைமணிக்குப் பின் திரையில் கோடுகளுக்குப் பதிலாக ஒரு கை வந்தது. பெரியம்மை நினைத்தாள், அது விரிந்தது. நினைத்தாள், மூடியது. இதில் கண்ணாடித் தந்திரம் எதுவும் இல்லை. அவளுடைய இடது கை மடியில் சும்மா கிடந்தது.

ஆனால் நண்பர்களே, உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். கையை மேலே தூக்கிக்கொண்டு “விரி” என்று நினைத்தபோது அது மூடியது. வியர்த்துப்போனாலும், வில்லை கொஞ்சம் நகர்ந்தாலும், தசை களைத்துவிட்டாலும் அலை மாறிவிடுமாம். உட்கார்ந்து கற்ற பாடம் நின்றால் மறந்துபோகிறது. ஜலதோஷம் பிடித்த பாட்டா இருமினால் எங்களுக்கும் இப்படித்தான் குழப்பம் வரும். இதைச் சரிக்கட்டத்தான், பல நிலைகளில் கையை வைத்துப் பயிற்சி கொடுப்பதும், அவ்வப்போது பாடத்தைப் புதுப்பிப்பதும்.

பையன் ஒரு செயற்கைக் கையைத் திறந்து உள்ளே இருந்த சின்ன மோட்டாரைக் காட்டினான். இவ்வளவு சிறிய மோட்டாருக்குப் பலம் கொடுப்பது நியோடிமியம் என்ற உலோகம் கலந்த காந்தம் என்றான். அந்த உலோகம் மோனசைட் மணலிலும் இருக்கிறது என்று நான் சொன்னேன். “நம்ம ஊரு மண்ணா?” என்று பெரியம்மை அதை வாங்கி, உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

கடைசியில் அவள் மூன்று கேள்விகள் கேட்டாள். தண்ணீரில் நனையலாமா? பெரும்பாலான கைகளை நனைக்கக் கூடாது. கனம் எவ்வளவு? கை மட்டும் ஏறக்குறைய அரை கிலோ. தோசைக்கல் சூடு தெரியுமா? பையன் சற்றுத் தயங்கி, “தெரியாதம்மா” என்றான். தொட்டதை அதிர்வாக உணர்த்தும் முயற்சிகள் நடக்கின்றன. அமெரிக்காவில் கிளாடியா மிட்செல் என்ற பெண்மணிக்கு, கைக்குப் போக வேண்டிய நரம்புகளை மார்புத் தசைக்குத் திருப்பிவிட்டார்கள். 2006-ல் அவர் நினைத்தால் ஆடும் இயந்திரக் கையோடு பத்திரிகைக்காரர்கள் முன் வந்தார். அவருடைய மார்பைத் தொட்டால், இழந்த கையைத் தொட்டதுபோல் அவருக்குத் தோன்றுமாம். ஆனாலும் சமையலறைக்கு வந்து சூடு பார்க்கிற விரல் இன்னும் வரவில்லை. விலையோ லட்சங்களில்.

அன்றிரவு என் வீட்டில் படுத்திருந்தோம். மணி இரண்டு இருக்கும். பெரியம்மை என்னைத் தட்டி எழுப்பினாள்.

“மக்ளே, விரிஞ்சுட்டு.”

“எது பெரியம்மை?”

“கை.”

விளக்கைப் போட்டேன். அவள் மிச்சக் கையை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தை தூங்குவதைப் பார்க்கிறவள்போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இது ஏதோ அற்புதம் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்வீடனில் ஆராய்ச்சியாளர்கள் இதையே ஒரு சிகிச்சையாகச் செய்து, 2016-ல் “லான்செட்” பத்திரிகையில் வெளியிட்டிருக்கிறார்கள். வேறெந்த வைத்தியத்துக்கும் வலி அடங்காத பதினான்கு பேர், மிச்சக் கையின் மின்சாரத்தால் திரையிலுள்ள கையை ஆட்டிப் பயிற்சி செய்தார்கள். பன்னிரண்டு அமர்வுகளுக்குப் பின் சராசரியாக வலி ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததாம். எல்லோருக்கும் பலிக்கும் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். பெரியம்மைக்கே சில நாள் முஷ்டி மறுபடியும் மூடிக்கொள்கிறது. ஆனால் இப்போது விளக்கேற்றினதும் திண்ணையில் உட்கார்ந்து, ஒன்றுமில்லாத தும்பைக் கொஞ்ச நேரம் திரிக்கிறாள். பத்து நிமிஷத்தில் தளர்கிறது என்கிறாள்.

இயந்திரக் கை வாங்குவதைப் பற்றி நான் பேச்செடுத்தால், “எனக்கக் கையோட கணக்கு முதல்ல தீரட்டு. மெஷின் கையைப் பெறகு பாப்போம், கேட்டியா?” என்கிறாள். அவள் சொல்வதும் நியாயம்தான். குடும்பத்தில் ஆளுக்குக் கொஞ்சமாகப் பணம் சேர்த்து வருகிறோம். வேண்டும் என்று அவள் சொல்கிற அன்றைக்குக் கையில் இருக்கட்டும்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ கையோ காலோ இழந்தவர்கள் இருக்கலாம். இல்லாத விரல் அரிக்கிறது, வலிக்கிறது என்று அவர்கள் சொன்னால், நான் சிரித்ததுபோல் சிரித்துவிடாதீர்கள். எந்த விரல், எப்படி வலிக்கிறது என்று கேளுங்கள். டாக்டரிடமும் அதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

போன மாசி மாதம் மண்டைக்காட்டுக் கொடைக்குப் பெரியம்மையோடு போயிருந்தேன். சந்நிதியில் கும்பிட்டு வெளியே வந்ததும், பாட்டா வைத்த மரக்கையைப் பற்றிப் பேச்சு வந்தது. “அது வெரலு விரிஞ்சுதான் இருந்துது, நெனவிருக்கா?” என்று கேட்டாள் பெரியம்மை. நினைவிருக்கிறது என்றேன். அவள் மேலே ஒன்றும் சொல்லாமல், மண்டையப்பத்தை இடது கையால் பிய்த்து, பெரிய துண்டை எனக்குக் கொடுத்தாள்.